கொஞ்சல் காய்ச்சல்

பத்தொன்பது வயதில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. தொண்டை அடைத்து, கழுத்தின் இரு பக்கமும் நெறி கட்டி, கஞ்சிகூட இறங்கவில்லை. அறுபதுகளின் பிற்பகுதி அது. கூகைக்கட்டு என்று அம்மா மஞ்சள் பூசினார். வீக்கம் வற்றாததால் அப்பா என்னை மட்டக்களப்பு நகரத்தில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனார். அப்பா வாவிக்கரை மெதடிஸ்த தேவாலயத்தில் பிரசங்கம் செய்யும் உபதேசியார். டொக்டர் சீமையில் படித்தவர், எதையும் வேடிக்கையாகச் சொல்லும் பகிடிக்காரர்.

இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது கூகைக்கட்டு இல்ல ஐயா. ஒரு வைரஸ் காய்ச்சல். எச்சிலாலதான் தொத்தும். முத்தம் குடுத்தா வாறதெண்டு சீமையில இதக் 'கொஞ்சிற வருத்தம்' எண்டு சொல்லுவாங்க. ஓய்வெடுத்தா மாறிரும்" என்றார்.

ஓய்வு என்ற சொல் அப்பாவின் காதில் ஏறவேயில்லை. வீட்டுக்கு வந்து படலையைச் சாத்தியதும் கேட்டார்: "ஆரைடா கொஞ்சின நீ?"

"ஒருத்தரையும் இல்லப்பா."

அது முழு உண்மை. அந்த வயதில் சொல்லிக்கொள்ள வெட்கமான உண்மையும்கூட.

அப்பா நம்பவில்லை. பாடகர் குழுவில் எனக்கு முன்னால் நின்று பாடிய பெண்ணுக்கும் அந்த நாட்களில் தொண்டை நோ வந்திருந்தது. அதுவே அவருக்குப் போதுமான சாட்சி. அவளுடைய தகப்பனாரிடம் போய் இரகசியமாக எச்சரித்தார். அந்த மனிதர் போட்ட சத்தத்தில் இரகசியம் தெரு முழுக்கக் கேட்டது. வாகரையில் அவளுக்குப் பேசியிருந்த கலியாணம் நின்றுபோனது. காய்ச்சல் மாறியதும் என்னைக் கரடியனாற்றில் மாமாவின் வயல் வட்டைக்கு வேளாண்மைக் காவலுக்கு அனுப்பினார்கள். கொஞ்சுவதற்கு அங்கே எருமைகள்தான் இருந்தன.

அறுவடை முடிந்து திரும்பிய அன்று பஸ் தரிப்பில் அவள் என்னை மறித்தாள்.

"நான் உங்களோட ஒரு சொல்லுக் கதைச்சிருக்கனா?"

"இல்ல."

"அப்ப ஏன் என்ட கலியாணம் நிண்ட?"

"ஒரு டொக்டர் என்ட அப்பாக்கிட்டப் பகிடி விட்டதால."

கோபத்தைப் பிடித்து வைத்திருக்கப் பார்த்தாள், முடியாமல் சிரித்துவிட்டாள். அப்பா கண்டுபிடித்த காதலை நாங்கள் அன்றுதான் தொடங்கினோம். பிறகு கலியாணத்தையும் அவரே ஜெபம் பண்ணி நடத்தி வைத்தார், தன் கணிப்புத் தப்பவில்லை என்ற முகத்தோடு. சம்பந்தி மட்டும் அவரோடு பேசவில்லை.

எழுபதுகளின் நடுவில் அப்பாவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. நோவில்லை. ஆனால் உடம்பு வற்றிக்கொண்டே போனது. கொழும்பில் சதைத் துண்டு எடுத்துப் பார்த்து, நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். நானும் மனைவியும் கூட நின்றோம்.

"ஏன் எனக்கு வந்த?" என்று அப்பா கேட்டார்.

"அறுதியாச் சொல்ல ஏலாது ஐயா" என்றார் அங்கிருந்த இளம் டொக்டர். "ஒரு வைரஸில சந்தேகம் இருக்கு. கிட்டத்தட்ட எல்லாருக்கும் அது வந்து உடம்பில தங்கிரும். கனபேருக்கு ஒண்டும் செய்யாது. அருமையா எங்கயோ ஒருத்தருக்குத்தான் இப்பிடிக் கட்டியாகும். இளம் ஆக்களுக்குச் சிலநேரம் காய்ச்சலும் நெறிக்கட்டும் வரும். எச்சிலாலதான் பரவும்."

மனைவி யன்னல் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே முதலில் நினைத்தேன்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "டொக்டர், நான் அப்பிடிப்பட்டவன் இல்ல."

டொக்டருக்கு விளங்கவில்லை. "சின்ன வயசில ஒரே கோப்பையில குடிச்சிருந்தாலும் காணும் ஐயா."

"அப்ப பத்தொன்பது வயசில இவனுக்கு வந்த காய்ச்சல்?"

"அவருக்கும் அப்பிடி வந்திருக்கலாம்."

அப்பா மருமகளைப் பார்த்தார். "புள்ள..." என்று தொடங்கித் தடுமாறினார். ஆயிரம் பிரசங்கம் செய்த வாய் அது.

"விடுங்க மாமா" என்றாள் அவள். "வாகரை மாப்பிள்ளைக்கு இப்ப தலையில ஒரு மயிர் இல்லையாம்."

அப்பா சிரித்தார். அந்தக் கட்டி வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கதிர்வீச்சுப் பிடித்தார்கள், கட்டி கரைந்தது. ஊருக்கு வந்து பஸ்ஸால் இறங்கியவர், வீட்டுக்கு வராமல் நேரே சம்பந்தி வீட்டுக்கு நடந்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்று இருவரும் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் இருவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

சில வருடங்களில் கட்டி திரும்பி வந்தது. இந்த முறை கரையவில்லை. அப்பாவின் பெட்டியைத் தூக்க முதலில் தோள் கொடுத்தவர் என் மாமனார்.