ஆறு தொட்டி பீன்ஸ்

பஸ் டெப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவளுக்கு ‘நிமிஷம்’ என்று பெயர் வைத்தது டிரைவர்கள்தான். வண்டி கேட்டைத் தாண்டும்போதே கூண்டுக்குள்ளிருந்து குரல் வரும்: “மூணு நிமிஷம் லேட்டு.” காரணம் கேட்கமாட்டாள். லேட்டாக வருகிறவன் வழியில் தயாரிக்கிற சரக்குக்குத்தான் காரணம் என்று பெயர் என்பது அவள் கட்சி. உலகத்தில் பாதிப் பேர் லேட்டு, மீதிப் பேர் முட்டாள் என்ற தெளிவோடு இந்தக் குளிர்காலத்தில் ஓய்வு பெற்றாள்.

கீழ்வீட்டில் அவள் தனியாக. மாடியில் தம்பியும் அவன் மனைவியும். வீட்டுக்குப் பின்னால் இருபதடிக்குப் பன்னிரண்டடி வெறும் மண். வெயில் எட்டாத கூண்டில் ஆயுசைக் கழித்தவளுக்கு அங்கே விழும் காலை வெயில்தான் பென்ஷனை விடப் பெரிய பென்ஷன். குளிர் கொஞ்சம் விட்டதும் நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி, ஒருவரையும் திட்டாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். அவள் வாழ்க்கையில் அது சாதனை.

அந்த மண்ணில்தான் தம்பி இயற்கைக் காய்கறித் தோட்டம் போடப்போவதாக அறிவித்தான்.

தம்பி செருப்புக்கடையில் விற்பனையாளன். அடுத்தவர் கால் அளவு பார்த்தவுடன் தெரியும். தன் அளவு மட்டும் ஐம்பது வயதாகியும் தெரியவில்லை. மீன் வளர்த்தான், மீன் செத்தது. புறா வளர்த்தான், புறா பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனது. புல்லாங்குழல் வாங்கினான், வீட்டிலிருந்த இரண்டு பெண்களும் குடிபோகப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் விளங்காது என்று நிமிஷம் முதல் நாளே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னதுதான் நடந்தது.

தம்பி மனைவி பேக்கரி நடத்துகிறவள். சுருக்கமாகப் பேசுவாள். “கோடை முடியறதுக்குள்ள அந்த மண்ணுல ஒரு கூடை காய் வரணும். வரலன்னா சிமென்ட் போட்டு என் வேன நிறுத்திப்பேன். அண்ணி, நீங்களே சாட்சி.”

நிமிஷம் கணக்குப் போட்டாள். சிமென்ட் வந்தால் வேன் வரும். வேன் வந்தால் வெயில் போகும். வாழ்நாளில் முதல் முறையாக அந்த மடையன் ஜெயித்தாக வேண்டியிருந்தது.

மடையனுக்குத் துணையாக ஒரு குழு வேறு. ‘இயற்கை நண்பர்கள்’ என்று எட்டுப் பேர். தலைவர் ஒரு பல் டாக்டர். மண்ணைக் கையில் அள்ளி, முகர்ந்து, கண்ணை மூடி, “மண் நம்மகிட்ட பேசுது” என்பார். மற்ற ஏழு பேரும் உடனே கண்ணை மூடுவார்கள். யாருடைய நகத்திலும் அழுக்கு இல்லை என்பதை நிமிஷம் ஜன்னல் வழியாகவே குறித்துக்கொண்டாள்.

உரத்துக்கு ஊருக்கு வெளியே ஒரு குதிரை லாயத்தைப் பிடித்திருந்தான் தம்பி. சாக்கு பிடிக்க ஆள் வேண்டும் என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு போனான். குவியலைப் பல கோணத்தில் போட்டோ எடுத்தான். குதிரைகளுக்குப் போட்டிருந்த காய்ந்த புல்லை நிமிஷம் பார்த்தாள். புல்லைத் தவிர அதில் ஒரு களைத்தண்டு இல்லை.

“இவ்வளவு சுத்தமா எப்படிங்க?” என்றாள்.

லாயக்காரர் பெருமையாகச் சொன்னார்: “களைக்கொல்லி மருந்து அடிச்ச வயலும்மா. புல்ல ஒண்ணும் பண்ணாது. அகல இலை எதுவும் தலையே தூக்காது. குதிரைக்கும் ஒண்ணும் ஆகாது, தின்னுட்டு அப்படியே லத்தியில விட்டுடும்.”

திரும்பும் வழியில் இதைச் சொன்னாள். தம்பி சிரித்தான். “அக்கா, சாணிய விட இயற்கையானது உலகத்துல என்ன இருக்கு?”

இருபத்தியெட்டு சாக்கு இறங்கியது. இன்னும் மூன்று வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, குழு முன்னிலையில் மண்ணில் கலக்கும் விழா.

நிமிஷம் ஆறு தொட்டி எடுத்தாள். மூன்றில் வெறும் மண். மூன்றில் மண்ணோடு பாதி லாயத்துச் சரக்கு. எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை; அதுவும் அகல இலைதான். சமையலறை ஜன்னலில், ஒரே வெயிலில் வரிசையாக வைத்தாள். செடி மேல் ஆசை என்று யாரும் நினைக்கவேண்டாம். தம்பியைக் கையும் களவுமாகப் பிடிக்கும் ஆசை. பழைய ட்ரிப் ஷீட் நோட்டில் எது வெறும் மண், எது லாயத்துச் சரக்கு என்று குறித்து, தினமும் எழுதினாள்: ‘காலை 6.40. தண்ணீர் தொட்டிக்கு அரை டம்ளர், ஆறுக்கும்.’ ஒரு நாள் தவறவில்லை.

எட்டாம் நாள் ஆறும் முளைத்தன. பதினாறாம் நாள் வெறும் மண் பீன்ஸ் உள்ளங்கை போல இலை விரித்தது. லாயத்துப் பீன்ஸின் இலைகள் ஓரம் மடங்கி, கிண்ணம் போலக் குவிந்து, தண்டு முறுக்கிக்கொண்டது. மூன்றும் ஒரே மாதிரி.

முறுக்கிய தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேராக மாடி ஏறினாள். கதவு திறந்ததும், “டேய் அறிவுகெட்டவனே, நீ கொண்டுவந்தது உரம் இல்ல, விஷம். நீ செருப்பு விக்கத்தான் லாயக்குன்னு நான் அப்பவே சொல்லல?” என்றாள்.

தம்பி முகம் இறுகியது. “மீனுக்கும் சொன்ன. புறாவுக்கும் சொன்ன. இதுக்குச் சொல்லாம இருப்பியா? நீ வெந்நீர் ஊத்தியிருப்ப.”

கதவு சாத்திக்கொண்டது.

படியிலேயே நின்றாள். சரியாகச் சொன்னால் போதும், கேட்கிறவன் கேட்டுக்கொள்வான் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். டெப்போவில் அது போதுமாக இருந்தது. அங்கே அவளிடம் முத்திரை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு வரவேண்டிய இயற்கை நண்பர்கள் ஏழு ஐம்பத்திரண்டுக்கு வந்தார்கள். நிமிஷம் அதைச் சொல்லவில்லை. ஆறு தொட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பின்சுவர் மேல் வைத்தாள். பக்கத்தில் நோட்டு. கைகட்டி நின்றாள். வாயைத் திறக்காமல் இருப்பது கல் உடைப்பது போல இருந்தது.

பல் டாக்டர் மடங்கிய இலையைத் தடவினார். “செடிக்கு மனஅழுத்தம். இந்த வீட்டுல யாரோ கோபமா இருக்காங்க.”

ஏழு பேரும் அவளைப் பார்த்தார்கள். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள்.

தம்பி நோட்டை எடுத்தான். ஒரு பக்கம். அடுத்த பக்கம். 6.40. 6.40. ஒரு நாள் மட்டும் 6.43, பக்கத்தில், ‘என் தவறு.’ மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

“இது நிஜம், டாக்டர்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“செத்துப்போன எங்க அத்தான், இவங்க வீட்டுக்காரர், இவங்க டெப்போவுலயே டிரைவர். கல்யாணம் ஆகி ஆறாம் நாள் நாலு நிமிஷம் லேட்டுன்னு எழுதி, அவருக்கு மெமோ வாங்கிக் கொடுத்தவங்க இவங்க. எங்கக்கா வாய் என்ன வேணாலும் சொல்லும். கை பொய் எழுதாது.”

பல் டாக்டர் மண்ணிடம் கருத்துக் கேட்பவர் போலக் குனிந்து பார்த்தார். மண் அன்று பேசவில்லை. விழா இல்லை என்று தெரிந்ததும் குழுவுக்கு வேறு வேலை ஞாபகம் வந்தது. போகும்போது இரண்டு பேர், “அப்ப இத நாங்க எடுத்துக்கலாமா?” என்று ஆளுக்கொரு சாக்கைத் தொட்டார்கள். கண்ணெதிரே ஆறு தொட்டி நிற்கிறது. ஓசியில் கிடைத்தால் விஷமும் உரம்தான்.

“எல்லாம் லாயத்துக்கே திரும்பிப் போகுது. கைய எடுங்க” என்றாள் நிமிஷம். அன்று காலை அவள் பேசிய முதல் வார்த்தைகள்.

மாடியிலிருந்து தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். “என்ன அண்ணி, உரமே இல்லயா இப்ப? சிமென்ட்காரனுக்குச் சொல்லிடவா?”

“கோடை முடியட்டும்னுதானே சொன்ன? முடியட்டும்.”

தம்பி நன்றாக இருந்த மூன்று தொட்டிகளையும் தூக்கினான். “இத இப்பவே நட்டுடவா அக்கா?”

“ராத்திரிக் குளிர்ல செத்துப்போகும்டா, மண்டு. இன்னும் ரெண்டு வாரம் உள்ள இருக்கட்டும். மொதல்ல மண்ணக் கொத்து.”

அவன் கொத்த ஆரம்பித்தான். மண்வெட்டியைப் பிடிக்கத் தெரியவில்லை; பிடிக்கத் தெரியாததும் தெரியவில்லை. பத்தடி போவதற்குள் பாத்தி இடப்பக்கம் சரிந்துகொண்டு போனது. நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் பார்ப்பாள்?

“கோணலா போகுதுடா.”

“தெரியுது,” என்றான் தம்பி, கொத்துவதை நிறுத்தாமல். “அந்த முனையில நின்னு ஒரு கயித்தப் பிடியேன்.”

அவள் கயிறு தேடிக்கொண்டு உள்ளே போனாள்.