ஜும்ஆவுக்குப் போன நேரத்தில் உடைந்த ஸ்டட்

இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

தண்டையார்பேட்டையில் என் ஷெட்டுக்கு ஒரு புதன்கிழமை பழைய மோரிஸ் மைனர் வந்தது. சொந்தக்காரர் ரிட்டையர்டு இன்ஜினியர். ராயபுரத்தில் கடலுக்கு எதிரே பல வருஷம் நிறுத்தியே வைத்திருந்தார். புகைக்குழாயை இன்ஜின் ஹெட்டோடு பிடித்திருக்கும் ஆறு ஸ்டட்டும், அதாவது மரை போட்ட இரும்புக் குச்சிகள், உப்புக்காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தன.

எனக்குப் பயம் அதிகம். ஏழாவதோடு பள்ளியை விட்டு ஸ்பேனரைப் பிடித்த நாளிலிருந்து, திருப்பும்போது உடைந்துவிடுமோ என்ற பயமும் கூடவே இருக்கிறது. இந்த வண்டிக்கு இன்னொரு ஹெட் லேசில் கிடைக்காது. ஸ்டட் உள்ளே முறிந்து, எடுக்கப்போய் மரையும் போனால் அவ்வளவுதான். அதனால் டீசலும் கியர் ஆயிலும் கலந்து காலையும் மாலையும் ஊற்றி, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காத்திருப்பேன்.

"சனிக்கிழமை வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது சார்" என்று மூன்று தடவை சொன்னேன்.

அவர் சிரித்தார். "பிசிக்ஸ் தெரியுமா உங்களுக்கு? பிடி நீளமா இருந்தா குழந்தைகூட கழட்டிடும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து திரும்பினேன். வாசலிலேயே அவர் குரல். போனில் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார்: "ஷெட்ல ஸ்டட்டை உடைச்சுட்டாங்கப்பா. இவங்ககிட்ட கொடுத்தது என் தப்பு."

பழைய கார் வைத்திருப்பவர்களின் குழு அது. எனக்கு வரும் வேலையில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

உள்ளே ஓடினேன். என் ஸ்பேனரில் மூன்றடி இரும்புப் பைப் சொருகியிருந்தது. ஒரு ஸ்டட் ஹெட்டை ஒட்டி முறிந்து கிடந்தது.

"யாரு சார் இத்த திருப்புனது?"

"அது ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கு. நான் லேசாத்தான் தொட்டேன்."

பச்சைப் பொய். பழைய விரிசலென்றால் முறிந்த இடம் கறுத்துத் துரு படிந்திருக்கும். இது முழுவட்டமும் பளபளவென்று வெள்ளையாக இருந்தது.

பக்கத்துக் கடை வெல்டர், கொருக்குப்பேட்டைக்காரன், தலையை நீட்டினான். "இன்னா லேசு? சாரு பைப்ப மாட்டிகினு தொங்குனாரு பாய், ஊஞ்சல் கணக்கா. வாணாம் சார்னேன். எனுக்கும் பிசிக்ஸு நடத்துனாரு."

உடைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யாருக்கும் கை தவறும். நான் தொழுகையில் நின்ற நேரத்தில் உடைத்துவிட்டு, பழியை என் தலையில் கட்டுவதா? படித்தவர் சொன்னால் ஊர் நம்பும். என் சொல்லை யார் கேட்பார்கள்?

முதலில் ஹெட்டைக் காப்பாற்ற வேண்டும். முறிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து, நடுவில் பற்றவைக்க வெல்டரிடம் சொன்னேன். சிவப்பு அடங்கியதும் மெழுகுவர்த்தியை அதில் வைத்தேன்; மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. ஸ்பேனரை மாட்டி ஒரு நூலளவு முன்னே, ஒரு நூலளவு பின்னே. நட்டு மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தது. இரண்டாவது நட்டைப் பற்றவைத்தோம். இந்தத் தடவை 'கிறீச்' என்று ஒரு சத்தம். அசைந்தது. மரை கெடாமல் முழுசாக வந்தது.

அவர் வாட்சைப் பார்த்தார். "பார்த்தீங்களா? ஒரு மணி நேர வேலை. இதுக்குப் போய் நாலு நாள்!"

வாழ்நாளெல்லாம் "சரி சார்" சொன்ன வாய் இது. அன்றைக்கு வரவில்லை.

"குரூப்புல இன்னொரு தபா பேசுங்க சார். அப்பால தான் மீதி அஞ்சையும் தொடுவேன்."

போனை வாயருகே வைத்தார். "ஸ்டட் வந்துடுச்சுப்பா. ஒண்ணும் பிரச்சினை இல்லை."

"சாரே, ஒட்ச்சது யாருன்னு வுட்டுட்டியே!" என்றான் வெல்டர்.

நான் கார் சாவியை எடுத்து அவர் முன்னால் பானெட்மேல் வைத்தேன். அவர் சாவியைப் பார்த்துவிட்டு மறுபடி போனை எடுத்தார். கடைசியில் பேசினார்: "நான்தான் பைப் போட்டு உடைச்சேன். மெக்கானிக் அப்ப இங்கேயே இல்லை."

அது போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகத்தில், போட்டுக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். பிறகு மீதி ஐந்துக்கும் எண்ணெய் ஊற்றிவிட்டு, செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன்.