பாத்திரத்தில் வெட்டிய பெயர்

நாங்கள் சாப்பாட்டுக் கடை போட்டது ஊருக்கு உபகாரம் செய்ய அல்ல, எங்கள் வயிற்றுக்காக. எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் என் புருஷன் வெல்டிங் வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடியிருந்தார்கள். திருமுல்லைவாயிலில் எங்கள் வரிசை வீடுகளில் இருந்த ஆண்கள் எல்லோருக்கும் சோறு போட்டது அந்த ஒரே தொழிற்சாலை. காலையில் எழுந்து முகத்தை மழித்துக்கொண்டு, போக இடமில்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யோசனை பக்கத்து வீட்டு அக்காவுடையது. மாதா கோயில் விடுதியில் சமையல் செய்தவள். "நூறு பேருக்கு நான் பொங்கிப் போட்டுடுவேன். அடுப்பும் பாத்திரமும் யார் ஊட்ல கீது, சொல்லுங்க" என்றாள். என் புருஷன் தார் டிரம்மை அறுத்து மரத்தூள் அடுப்பு செய்தார். ஒருத்தர் மரத்தூளுக்கு வழி செய்தார், ஒருத்தர் எஸ்டேட் ரோட்டோரம் இருந்த காலி மனையைக் கொடுத்தார். பரணில் கிடந்த கல்யாணச் சீர்ப் பாத்திரம் எல்லாம் இறங்கி வந்தது. மத்தியானம் சங்கு ஊதினால் மற்ற தொழிற்சாலை ஆட்கள் வந்து சாப்பிடுவார்கள். வந்த காசைச் சாயங்காலம் எல்லா வீட்டுக்கும் பிரித்துக்கொள்வோம். முதலாளி என்று யாரும் கிடையாது.

அதுவரை அங்கே சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவன் ஒரு காண்டிராக்டர். தண்ணீர்ச் சாம்பாரைக் கொடுத்தே வீடு கட்டியவன். அவன் ஆட்கள் மூன்று பேர் ஒருநாள் சைக்கிளில் வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் சைக்கிள் செயினைச் சுற்றியிருந்தான்.

"இங்க மொதலாளி யாரு?"

"மொதலாளின்னு யாரும் இல்ல. எல்லாருந்தான்" என்றாள் அக்கா.

"எல்லாரையும் எப்டிம்மே அடிக்கிறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே சாம்பார் அண்டாவை எட்டி உதைத்தான். கொதிக்கிற சாம்பார் அக்காவின் காலில் கொட்டியது. அவள் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன ஆட்கள் ஓடி வந்தார்கள். கூட்டம் சேர்வதைப் பார்த்ததும், கைக்குக் கிடைத்த இரண்டு தவலைகளைக் கேரியரில் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பித்தளை ஆயிற்றே, பேரீச்சம்பழத்துக்குப் போட்டுத் தின்னட்டும் என்று நாங்கள் காறித் துப்பினோம். எங்கள் மரமண்டையில் வேறொன்றும் ஏறவில்லை. சீர்ப் பாத்திரம் என்றால் அதில் பெயர் வெட்டியிருக்கும், இன்னாருடையது என்று. அதைத் தூக்கிக்கொண்டு எந்த டீக்கடையில் கேட்டாலும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். யாரை அடிப்பது என்று தெரியாமல் நின்றவனுக்கு நாங்களே விலாசம் எழுதிக் கொடுத்திருந்தோம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முதல் தவலை அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தது. அவள் புருஷன் லேத்தில் கடைசல் வேலை செய்பவர், எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். "இது ஒன்னுதுதானே நைனா?" என்று செயின்காரன் கேட்டிருக்கிறான். அவரும் ஆமாம் என்று சந்தோஷமாக வாங்கக் கை நீட்டியிருக்கிறார். இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொள்ள, வலது கையை வாசற்படியில் வைத்துத் தவலையின் விளிம்பால் குத்தினான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் விரல்கள் விரல்களாக இல்லை.

இரண்டாவது தவலை வந்து இறங்கிய வீட்டில் ஒருவருக்கு முன்பல் எல்லாம் போயிற்று.

மறுநாள் காலையில் கடையில் அடுப்பு எரியவில்லை. அவரவர் பாத்திரத்தை எடுத்துப் போகப் பெண்கள் வந்து நின்றார்கள். நான் கண்டபடி திட்டினேன். காலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் திட்டவில்லை.

"எடுத்துக்கினு போங்க. ஊட்ல அதுல இன்னாத்த பொங்குவீங்க?" என்றாள். தூக்கிய தவலையை ஒருத்தி கீழே வைத்தாள். "பேரு இருந்தாதான வருவான். பேரை எடுத்துடலாம்."

ஆண்கள் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்பன் பெயர், மாமன் பெயர், அன்பளிப்பு என்று வெட்டிய எழுத்து எல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சில பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என் அண்டாவுக்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் புருஷன் அரத்தோடு கிட்டே வந்தபோது அரிவாள்மனையைத் தூக்கினேன். மனுஷன் பின்வாங்கிவிட்டார்.

அது என் அம்மாவின் சீர். அவள் கல்யாணத்துக்கு அவள் அண்ணன் வாங்கி, அவள் பெயரை வெட்டிக் கொடுத்தது. என் அப்பா அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய்" என்பார், இல்லாவிட்டால் கையில் கிடைத்ததை வீசுவார். வேறு ஊரில் அடிபட்டே வாழ்ந்து, அடிபட்டே செத்தாள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதற்கு அந்த அண்டாவைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அடுப்பு மறுபடி எரிந்தது. அவர்களும் மறுபடி வந்தார்கள். கழுவக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, பெயர் இருந்த அந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்பத்தூரிலும் திருமுல்லைவாயிலிலும் இருக்கிற டீக்கடை எல்லாம் ஏறி இறங்கிக் கேட்டிருக்கிறார்கள். அவளை அங்கே யாருக்குத் தெரியும்? அடுத்த நாள், நாங்கள் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது செயின்காரன் தனியாக வந்தான். அண்டாவை என் காலடியில் போட்டான்.

"யாரும்மே இது? ஊடு எங்க கீது?"

"எங்கம்மா. சுடுகாட்டுல கீறா. போய்ப் பாக்குறியா?"

செயினை ஓங்கினான். என் தோளில் ஒரு அடி விழுந்தது, சதை பிய்ந்தது. வடித்த கஞ்சி பக்கத்தில் ஆவி பறக்க இருந்தது. சட்டியோடு தூக்கி அவன் முகத்தில் ஊற்றினேன். அவன் போட்ட அலறல் எனக்கு இனித்தது. இன்றைக்கும் இனிக்கிறது. விழுந்தவனைக் கரண்டியால் அடித்தேன். மற்றப் பெண்களும் அடித்தார்கள். அக்கா நொண்டிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து, "போதும் விடு. சங்கு ஊதப் போகுது, எலை போடணும்" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். கஞ்சி கொட்டிய மண்ணில் நின்றுகொண்டே பரிமாறினோம்.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. அக்கா புருஷனால் லேத் பிடிக்கவே முடியவில்லை. இடது கையால் கடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்துப் பெயர் வெட்டுகிறவன் தெருவில் கூவிக்கொண்டு போனான். அக்காதான் முதலில் அவனைக் கூப்பிட்டாள். அரம் போட்டு மொட்டையாக இருந்த தன் தவலையை நீட்டி, என் அம்மாவின் பெயரைச் சொல்லி வெட்டச் சொன்னாள். பின்னாலேயே ஒவ்வொருத்தியாக வந்து அதே பெயரை வெட்டிக்கொண்டார்கள். அண்டா, தவலை, கரண்டி, தட்டு வரைக்கும் அவள் பெயர்தான். கடைக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மத்தியானம் சங்கு ஊதினதும் எண்ணெய்க் கையோடு வருகிற ஆண்கள் அவள் பெயரைச் சொல்லித்தான் சோறு கேட்பார்கள்.