இருபத்தொரு நாள் காலண்டர்

மாட்டு டாக்டருக்கு மாதத்துக்கு இருபத்தொரு நாள்தான்.

பசு பருவத்துக்கு வருவது இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை. சினை ஊசி போட்ட மாடு இருபத்தொன்றாம் நாள் மறுபடியும் கத்தினால் போட்ட ஊசி வீண். கத்தாமல் இருந்தால் கொஞ்சம் நம்பிக்கை. ஆரணியைச் சுற்றிப் பதினாறு வருஷமாக ஸ்கூட்டரில் அலைந்து நான் பார்த்ததெல்லாம் இந்தக் காத்திருப்பைத்தான். பரீட்சை முடிவுக்கோ, விசாவுக்கோ, யாரோ ஒருவரின் போனுக்கோ நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

தனக்கென்று

முள்ளிப்பட்டு தேவகி வீட்டில் ஒரே மாடு, மல்லி. கறுப்பும் வெள்ளையுமாகக் கலப்பினம். புருஷன் குமரேசன் வீட்டிலேயே பட்டுத்தறி போட்டிருக்கிறார். மாடு தேவகியின் பொறுப்பு. கன்று போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. நாளைக்கு இருபத்திரண்டு லிட்டர் கறந்தது, ஆனால் ஒருமுறைகூடப் பருவத்துக்கு வரவில்லை. மலட்டு மாடு, சந்தைக்கு ஓட்டிவிடு என்று அக்கம்பக்கத்தில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். குமரேசனுக்கும் பாதி மனசு வந்துவிட்டது. தேவகிதான் கடைசியாக ஒருதரம் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.

மாட்டின் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கிட்டே போனதும் மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை. சர்க்கரை நோயாளிகள் விரலில் குத்திப் பார்ப்பார்களே, அதுபோல ஒரு கருவி என்னிடம் இருக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வைத்தேன். நினைத்தது சரிதான். ரத்தத்தில் சர்க்கரை குறைந்து, உடம்புக் கொழுப்பு கரைந்துகொண்டிருந்தது.

"ஒரு லிட்டர் பால் சுரக்க நானூறு, ஐநூறு லிட்டர் ரத்தம் மடி வழியா ஓடியாகணும் தேவகி" என்றேன். "இது தின்னறது பாலுக்கே பத்தல. மிச்சத்துக்குத் தன் உடம்பையே கரைச்சிக் குடுத்துகினு இருக்குது. இந்த நெலமையில கர்ப்பப்பை எப்படி வேலை செய்யும்? மலடெல்லாம் இல்ல."

தேவகி மாட்டின் முதுகில் கையை வைத்துத் துருத்திய எலும்பைத் தடவினாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்: "இருக்கறத எல்லாம் எங்களுக்கே குடுத்துட்டு, தனக்குன்னு ஒண்ணுமே வெச்சிக்கலையா டாக்டரம்மா?"

தறிச் சத்தம்

மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றி, வாய்வழியாக மருந்து கொடுத்து, தீவனத்தில் மக்காச்சோள மாவும் தாது உப்பும் சேர்க்கச் சொன்னேன். ஆறு வாரத்தில் மல்லியின் இடுப்பெலும்பு உள்ளே போனது. இனி பருவத்துக்கு வரும், கவனமாகப் பாருங்கள் என்றேன். நிறையக் கறக்கிற மாடுகளிடம் இன்னொரு சங்கடம். பருவத்துக்கு வந்ததை ஊரைக் கூட்டிச் சொல்லாது. சில மணி நேரம் மெல்லச் சத்தம் கொடுத்துவிட்டு அடங்கிவிடும். தவறவிட்டால் இன்னும் இருபத்தொரு நாள்.

குமரேசன் வீட்டிலோ காலையில் ஆரம்பித்தால் தறிச் சத்தம்தான். நடுவீட்டில் நாம் கத்தினாலே கேட்காது, கொட்டகையில் மாடு முனகினால் எங்கே கேட்கும்? காலையும் மாலையும் அரைமணி நேரம் தறியை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தேன். சந்தைக்கு ஓட்ட நினைத்த மனிதர் செய்வாரா என்று எனக்குச் சந்தேகம்தான். ஒரு வாரம் கழித்துக் காலையில் போன். மாடு கத்துகிறது, ஜல்தி வாங்க என்றார். பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பார்த்தால் மல்லி படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. பருவத்தின் அடையாளம் ஒன்றுகூட இல்லை.

குமரேசன் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார். "தறிய நிறுத்திட்டு காத வெச்சிகினே உக்காந்திருந்தேன் டாக்டரம்மா. கத்தனது பக்கத்து வூட்டு மாடு. நம்புளுதா இருக்கணும்னு நெனைச்சி நெனைச்சி, எனக்கு நம்புளுது மாதிரியே கேட்டுச்சி."

ரத்தினம் ஐயா

வந்தவாசி ரோட்டிலிருந்து ரத்தினம் ஐயா மாட்டை நடத்தியே கூட்டிக்கொண்டு என் கிளினிக்குக்கு வருவார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மாடு அந்தப் பக்கத்திலேயே அதிகம் கறந்த மாடு. சாதுவானது, யார் வேண்டுமானாலும் மடியில் கை வைக்கலாம். ஆனால் நாலு ஈத்தும் காளைக் கன்று. கடைசி ஈத்தில் கன்று போட்ட கையோடு ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கி, நச்சுக்கொடி விழாமல் உள்ளேயே நின்று, கருப்பையில் சீழ் வைத்துவிட்டது. சீழைக் குணமாக்கினேன். ஆனால் கருப்பை கெட்டது கெட்டதுதான். இனி சினை நிற்காது என்று பக்குவமாக ஒருமுறையும், பச்சையாக ஒருமுறையும் சொல்லிப் பார்த்தேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. இந்த மாட்டின் வயிற்றில் ஒரு பெண் கன்று, ஒரு கிடேரி. அதற்காக என்னை ஊசி போட வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த வெயிலில் மாட்டை நடத்திக்கொண்டு வந்து, கம்பிக் கூண்டில் நிறுத்திவிட்டு, சட்டைப் பையில் கையை வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கையுறை மாட்டி உள்ளே கைவிட்டுப் பார்ப்பேன். சினை இல்லை என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஏழாவது முறை எனக்கே பொறுக்கவில்லை. "எதுக்கு ஐயா இப்படி அலையறீங்க, உங்களுக்கே தெரியுமே" என்றேன். மாட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியும்மா. ஆனா வூட்ல இருந்து கெளம்பி, நீங்க கைய எடுத்துட்டு இல்லன்னு சொல்ற வரைக்கும் வழி பூரா இருக்கற மாதிரியே இருக்குது இல்ல, அதுக்குத்தான் வரேன்."

வீடியோ கால்

கலசப்பாக்கம் பக்கம் அமுதா என்று ஒரு அம்மா. தனியாக இருக்கிறார், ஒரே பெண் மஸ்கட்டில் நர்ஸ். ஒருநாள் மதியம் அழுதுகொண்டே போன் செய்தார். முந்தின நாள் கன்று போட்ட மாடு விழுந்துவிட்டதாம், எழவில்லையாம். போய்ப் பார்த்தேன். கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் போட்டுக்கொண்டு கிடந்தது. காது ஐஸ் மாதிரி. பால் ஜுரம் என்று பேர்தான், ஜுரமே இருக்காது; உடம்பு சில்லிட்டுப் போகும். முதல் நாளே மடி நிறையப் பால் சுரந்து, ரத்தத்திலிருந்த சுண்ணாம்புச் சத்தை எல்லாம் இழுத்துக்கொண்டுவிட்டது. விட்டால் சாயங்காலத்தைத் தாண்டாது.

கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடும். ஒரு கையில் பாட்டில், காதில் ஸ்டெத்தாஸ்கோப். பாட்டில் முக்கால் இறங்கியதும் மாட்டின் உடம்பு நடுங்கியது. ஒரு ஏப்பம் விட்டது. சாணி போட்டது. அரைமணி கழித்துப் பின்னங்காலை ஊன்றித் தள்ளாடி எழுந்து, கன்று இருந்த பக்கம் திரும்பியது. அமுதா அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாடு போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே, இவ்வளவு அழ வேண்டுமா என்று தேற்றுகிற மாதிரி ஏதோ சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணு வீடியோ கால்ல வந்தா, நல்லாயிருக்கியான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு மாட்டக் காட்டுன்னுவா. அவ வளர்த்த மாடு. இத காட்டிகினு இருக்கற சாக்குல, நான் அவ மூஞ்சிய கொஞ்ச நேரம் பாத்துப்பேன் டாக்டரம்மா."

வேலை இல்லாத ஒரு நாள்

முள்ளிப்பட்டு மல்லி கடைசியில் ஒரு விடியற்காலை சத்தமே இல்லாமல் பருவத்துக்கு வந்தது. வாலடியில் கண்ணாடி போல வழும்பு தொங்கியதைப் பார்த்துவிட்டு தேவகி போன் செய்தாள். ஊசி போட்டேன். இருபத்தொன்றாம் நாள் மறுபடி வந்துவிட்டது. மறுபடி போட்டேன். அடுத்த இருபத்தொன்றாம் நாள் ஒன்றும் இல்லை. ஆனால் கத்தாத மாட்டின் மௌனத்தை எப்படி நம்புவது? மூன்றாம் மாதம் போய்க் கைவிட்டுப் பார்த்தேன். புருஷனும் பெண்டாட்டியும் மூச்சுவிடாமல் நின்றார்கள். கருப்பையின் ஒரு பக்கம் தண்ணீர் நிறைந்த பை போலத் திரண்டு கைக்கு வந்தது. சினைதான் என்றேன். தேவகி மாட்டுக்குத் தவிடு எடுத்துவர உள்ளே ஓடினாள். குமரேசன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். சந்தைப் பேச்சு அன்றோடு போனது.

இந்தத் தொழிலில் எனக்கும் ஒரு ஏக்கம் உண்டு. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த பிரசவமெல்லாம் கால் மடங்கியது, தலை திரும்பியது, நச்சுக்கொடி நின்றது. நல்லபடியாகப் பிறந்த கன்றுக்கு யாரும் டாக்டரைக் கூப்பிடுவதில்லை. மல்லியின் கன்றையாவது ஈரம் காயும் முன் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. நாளைக் குறித்துவைத்துக் காத்திருந்தேன். அந்த நாள் வந்தது. போன் வரவில்லை. ஒரு வாரம் போனது, பத்து நாள் போனது. கன்று செத்துப் பிறந்திருக்குமோ, சொல்ல மனசு வரவில்லையோ என்றெல்லாம் ஓடியது. அந்தப் பக்கம் எந்த வேலையும் இல்லாத ஒரு காலையில் ஸ்கூட்டரை எடுத்தேன்.

கொட்டகையில் நெற்றியில் வெள்ளைப் புள்ளி வைத்த கிடேரிக் கன்று துள்ளிக்கொண்டிருந்தது. உடம்பு காய்ந்து மினுமினுவென்று இருந்தது. என் விரலைப் பிடித்துச் சப்பியது. விட மனசில்லாமல் அங்கேயே குந்தியிருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று தேவகியைக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எந்தக் கொறையும் இல்லாம நல்லாப் போட்டுச்சி டாக்டரம்மா, அப்பால எதுக்கு உங்கள பேஜார் பண்ணணும்னுதான் கூப்புடல."

எங்களைக் கூப்பிட வேண்டிய அவசியமே மாடு வளர்க்கிறவர்களுக்கு வரக் கூடாது என்று பாடுபட்டுவிட்டு, கூப்பிடவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்கள் தொழில்.