ஏழுமலை அண்ணனின் இரண்டு பெடல் வண்டி

அன்று செங்கல்பட்டு ஒர்க்‌ஷாப்பில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "சார், அந்த ஸ்விட்ச்சில் சந்தனம் வைத்தது நான்தான்." ஆறு ஆண்டுகள் ஆகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை நம் விடுதி ஊழியர்களின் வாட்ஸப் குழுவில் ஏழுமலை அண்ணனின் படம் மாலையோடு வந்தது. மாரடைப்பு என்று போட்டிருந்தார்கள். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது அந்த வாக்கியம்தான். படத்திறப்பில் வாசிக்க யாராவது நாலு வார்த்தை எழுதித் தர வேண்டும் என்றீர்கள். புத்தகம் படிக்கிறவள் என்று என் பெயரைச் சொன்னீர்கள். எழுதுகிறேன். நீங்கள் எதிர்பார்த்த நாலு வார்த்தையாக இது இருக்காது.

பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மாமல்லபுரத்தில் நம் விடுதியின் காரை அவர் ஒன்பது ஆண்டுகள் ஓட்டினார். அதற்கு முன் லாரி ஓட்டியவர். ஒரு விபத்தில் இடது கணுக்கால் நொறுங்கி உள்ளே தகடு வைத்திருந்தார்கள். பத்து நிமிடம் கிளட்ச் மிதித்தால் கால் வீங்கிவிடும். நம் முதலாளி விருந்தினர்களுக்காக வாங்கிய அந்தப் பழைய பெரிய கார் ஆட்டோமேட்டிக். பிரேக், ஆக்சிலரேட்டர், இரண்டே பெடல். இடது காலுக்கு வேலையே இல்லை. "கிளட்ச் இல்லாத வண்டிய எவனோ எனக்காவத்தான் கண்டுபுடிச்சிகீறான்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அந்தக் கார் இல்லையென்றால் தனக்கு வேறு ஓட்டுநர் வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

முன்பதிவு மேசையில் இருந்த என்னை மாலையில் திருக்கழுக்குன்றத்தில் இறக்கிவிடுவார். கையில் இருக்கும் நாவலைப் பார்த்து, "இன்னாம்மா, அந்தப் பொண்ணு இன்னும் ஓடிப்போவலயா?" என்று கேட்பார். ஒரு நாள் கியர் கம்பிக்குப் பக்கத்தில் பனித்தூவல் படம் போட்ட பொத்தான் எதற்கு என்று கேட்டேன். "அத அமுக்குனா வண்டி மொதல் கியர்ல கெளம்பாது. ரெண்டாவதுல மெள்ள கெளம்பும். பனியில சக்கரம் வழுக்காதாம்."

"நம்ம ஊருக்கு எதுக்குண்ணா?"

"உங்க ஊரு மலை மேல பனி கொட்டுனா போன் போடு. வந்து அமுக்குறேன்."

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் வேலை எனக்கு வந்தது. கம்ப்யூட்டர், ஜெனரேட்டர், சமையலறை கிரைண்டர், கடைசியாகக் கார். சந்தனத் தூள் கட்டி தட்டியிருந்ததால் பன்னீரை அதிகமாக விட்டுவிட்டேன். கியர் கம்பியின் தோலுறையில் வைத்தால் கறை படியும் என்று பக்கத்திலிருந்த பனிப் பொத்தானில் வைத்தேன். அது நிற்காமல் ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே வழிந்தது. துப்பட்டாவால் மேலே மட்டும் துடைத்தேன். எல்லோரும் வெளியே பூசணிக்காய் உடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து நாளில் வண்டி இழுக்கவில்லை என்ற பேச்சு வந்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்பத் திணறியது. ஒரு விருந்தினர் குடும்பத்தோடு சென்னை போகும் ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பும்போது வண்டி நடுவில் தயங்க, லாரிக்காரன் உரசாத குறையாக நிறுத்தினான். விருந்தினர் முதலாளியிடம் கத்தினார். "ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போ. டெஸ்க்ல இருக்குற பொண்ணு கூட வரட்டும், என்னன்னு எனக்குச் சரியாச் சொல்லும்" என்றார் முதலாளி.

போகிற வழியில் அண்ணன் ஓரங்கட்டினார். வழக்கமான நிலையில் வைத்துக் கிளப்பினார். வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. கம்பியைக் கடைசி வரை இழுத்து, முதல் கியரிலேயே நிற்கும்படி வைத்துக் கிளப்பினார், துள்ளிப் பாய்ந்தது. "பாத்தியா? மொதல் கியரு உசுரோட கீது. வண்டிக்கு ஒடம்பு நல்லாத்தான் கீது. எவனோ அதுக்குத் தப்பா சொல்லிக்கினு கீறான்."

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிவிட்டு கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முதலாளிக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பனிப் பொத்தானை அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார். அது வேலை செய்கிறது என்று காட்டும் விளக்கு வாங்கிய நாளிலிருந்தே எரியாது. அதனால் ஒன்றும் தெரியவில்லை. ஸ்க்ரூ டிரைவர் வாங்கி மேல் மூடியைக் கழற்றி, பொத்தானுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினார். "இப்ப ஓட்டிப் பாருப்பா." மெக்கானிக் ஓட்டினார். வண்டி பழையபடி சீறிக் கிளம்பியது. பொத்தான் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு, பனியில் போகிறோம் என்று அத்தனை நாளும் கியர்பாக்ஸுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

அவர் அந்த ஸ்விட்ச்சைப் பிரித்தார். உள்ளே மஞ்சளாகக் காய்ந்து இறுகியிருந்தது. மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கைப்பேசியைப் பார்த்தேன்.

மெக்கானிக் மறுபடி போன் போட, முதலாளி ஸ்பீக்கரில் வந்தார். "ஸ்விட்ச் தான் சார். ஈரம் பூந்து ஒட்டிக்கிச்சு" என்றார் அண்ணன்.

"ஈரமா? டீய கொட்டுனியா? நடு ரோட்ல குடும்பத்தையே கொல்லப் பாத்தியேய்யா!"

அண்ணன் ஸ்விட்ச்சை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"ஏம்மா, நீ தெனம் அவன் கூட வர்றியே. வண்டில டீ குடிப்பானா?"

ஷட்டரைப் பாதி இறக்கிய அந்தக் கொட்டகையில் ஒரு ஃபேன்கூட இல்லை. "சில சமயம் குடிப்பார் சார்" என்றேன். அது உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை நான் இதுவரை சொன்னதில்லை.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு பேருந்து, பின்னால் ஒரு மணல் லாரி, இரண்டு பக்கமும் பைக்குகள். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. கதவைத் திறக்கக்கூட இடமில்லை. ஒரு ரயில் போயிற்று, கேட் திறக்கவில்லை, இன்னொன்றுக்குக் காத்திருந்தோம். அவர் ஸ்டியரிங்கில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "உங்கப்பா இன்னும் மாப்ள பாத்துகினுதான் கீறாரா?"

"ஆமாண்ணா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். வேலையில் ஒரு குறை வந்தால்கூடப் போதும், "வீட்டோட இரு" என்று சொல்ல என் அப்பா காத்திருந்தார். வீட்டுக்கு வெளியே எனக்கு இருந்தது அந்த முன்பதிவு மேசை ஒன்றுதான். அதை ஒரு முறை நானே அவரிடம் சொல்லியிருந்தேன். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, அந்தக் காருக்குள் அவர் எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்தார். அவர் வெளியே போகிற கதவு அது என்பதும் தெரிந்துதான் வைத்தார். சொல்வதற்கு இருபது நிமிடம் இருந்தது. "ஏசியைக் கொஞ்சம் குறைங்கண்ணா, குளிருது" என்றேன். குறைத்தார்.

நீங்கள் அவரைப் பற்றி நல்லவர், சிரித்த முகம் என்றெல்லாம் பேசுவீர்கள். எல்லாம் சரி. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, ஒருவரைக் குறை சொல்லும் முன் அந்த ஒயரைப் பிடுங்கிப் பார்க்கிற பழக்கம். மற்றவர்கள் விஷயத்தில் அதைச் செய்யக் கற்றுக்கொண்டேன். அவருக்காக ஒரு நாளும் செய்யவில்லை. அவர் மனைவி இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அக்கா, மன்னிப்பு கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. நடந்தது இதுதான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த மாதக் கடைசியில் அவரை நிறுத்தினார்கள். புது ஸ்விட்ச் போட்டார்கள், புது ஓட்டுநர் வந்தார். அண்ணன் ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருந்த மூன்று இடங்களில் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. மகள் வீட்டோடு கூடுவாஞ்சேரிக்குப் போய், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாகச் சேர்ந்தார். சாகும் வரை அந்த வேலையில்தான் இருந்தார். நான் இன்னும் அதே மேசையில் இருக்கிறேன். அவர் அதற்குப் பிறகு எந்த வண்டியும் ஓட்டவில்லை.