கெஞ்சி வந்த நாள்

இந்தச் சமாசாரத்தை மூன்று வாரத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுத்தேன்... வைத்துவிட்டேன். காரணம், என் அக்கா. இந்தப் பக்கத்தை வாராவாரம் விடாமல் படிக்கிறவள். முடிவு தெரியாமல் எதையாவது எழுதி வைத்தால், அப்புறம் உத்திரமேரூர்ப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது. போன ஞாயிறுதான் முடிவு தெரிந்தது. இனிப் பயமில்லை.

அக்காவைக் கொடுத்தது உத்திரமேரூரில். மாமாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல், மேட்டில் கொஞ்சம் வேர்க்கடலை. ஒரே பெண், வனஜா. ஆசிரியர் பயிற்சியில் ஒரு வருஷம் முடித்துவிட்டாள், இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அவளைப் பெண் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து சாயங்காலம் நாலு மணிக்கு வருகிறார்கள், நீ காலையிலேயே வந்து சேர் என்று அக்கா கார்டு போட்டிருந்தாள்.

காஞ்சிபுரத்தில் பஸ் மாறி உட்கார்ந்தேன். கையில் இங்கிலீஷ் பேப்பர். அதுதான் வினை.

கண்டக்டர் வந்து தோளைத் தொட்டார். "சார், பின்னாடி ஒரு வெளிநாட்டுக்காரப் புள்ள கீறாரு. இன்னாவோ கேக்கறாரு, ஒண்ணும் புரியல. நீங்க கொஞ்சம் பேசிடுங்க."

திரும்பிப் பார்த்தேன். இருபத்திரண்டு வயசு இருக்கும். முதுகில் ஒரு மூட்டை, கழுத்தில் கேமரா. ஜப்பானில் கட்டடக்கலை படிக்கிற மாணவராம். இரண்டு மாசமாகத் தனியாகக் கோயில் கோயிலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்க வேண்டும், மத்தியான பஸ்ஸில் திரும்ப வேண்டும். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதும் ஏறக்குறைய ஒரே தரம். அதனால் பேச்சில் ஒரு சிக்கலும் இல்லை. பெயர் கேட்டேன். கெஞ்சி என்றார்.

நாலு மணிக்குத்தானே பெண் பார்க்க வருகிறார்கள்? ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக்கு முதலில் போனோம். சோழர் காலத்தில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த விதத்தை, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்த கதையை, பள்ளிக்கூடத்தில் படித்தபடியே ஒப்பித்தேன். கெஞ்சி சுவரில் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். நான் எழுத்தாளன் என்று பஸ்ஸிலேயே பெருமையாகச் சொல்லியிருந்தேன்... ஒரு வரி வாசித்துக் காட்டுங்கள் என்றார். தாய்மொழிதான். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. வெயில் அதிகமாக இருக்கிறது, அடுத்த கோயிலுக்குப் போகலாம் என்றேன்.

சுந்தரவரதர் கோயிலில் பெருமாள் கீழே நிற்கிறார், அடுத்த தளத்தில் உட்கார்ந்திருக்கிறார், அதற்கும் மேலே படுத்திருக்கிறார். மூன்றையும் பார்த்து இறங்கியபோது கெஞ்சி மெதுவாகச் சொன்னார் — தான் காலையிலிருந்து கீழ்த்தளத்துப் பெருமாளாகவே நிற்பதாக, ஒரு ஓட்டல் கிடைத்தால் அடுத்த தளத்துப் பெருமாளாகிவிடலாம் என்று. பசிக்கிறது என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டலில் இட்லியும் வடகறியும் வாங்கிக் கொடுத்தேன். நாலு இட்லி போனது. இன்னும் இரண்டு போனது. மூக்கு சிவந்து கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் வடகறியை விடவில்லை. வெளியே வந்தால் நுங்கு வண்டி. மூன்று நுங்கு. பெருவிரலை விட்டு உறிஞ்சிக் காட்டினேன், அவர் விரலை விட்டார், சாறு சட்டையெல்லாம் பீய்ச்சியடித்தது. அந்த நேரத்தில்தான் தெரிந்தது, மத்தியான பஸ் வழியில் பிரேக்டவுன். அடுத்தது ஐந்தரைக்கு.

ஈரச் சட்டையோடு ஒரு அயல்நாட்டுப் பிள்ளையை ரோட்டில் நிறுத்திவிட்டு நான் மட்டும் எப்படிப் போவது? கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கா கையில் கடலை மாவோடு வாசலுக்கு வந்தாள். பார்த்தாள்.

"இன்னாடா பேரு?"

"கெஞ்சி."

"யாரு யாரைக் கெஞ்சனது? இன்னிக்குத்தான் உனுக்கு விருந்தாளி கெடைச்சாரா?"

திட்டியது என்னைத்தான். அவருக்கு மாமாவின் சட்டை ஒன்று வந்தது. இலை போட்டு, கத்தரிக்காய்க் காரக்குழம்பு, முருங்கைக்கீரை எல்லாம் வந்தது. கெஞ்சி ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். ரசத்தைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டதும் அக்காவின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு உத்தரவு போட்டாள். ஒன்று, அவர்கள் வரும்போது இந்தப் பிள்ளை உள் அறையைவிட்டு வரக் கூடாது. இரண்டு, வனஜா இன்னும் ஒரு வருஷம் படிக்க வேண்டும் என்பதை யாரும் வாய் திறக்கக் கூடாது. போன தையில் வந்தவர்கள் அதைக் கேட்டுத்தான் எழுந்து போனார்களாம். நிச்சயம் ஆகட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது அக்கா கணக்கு.

நாலு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். கூட அவர் அப்பா, அம்மா. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நின்றுவிட்டார். அங்கே கிடந்த பெரிய பூட்ஸ் யாருடையது என்று கேட்டார். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. ஜப்பான் விருந்தாளி என்றதும் அந்த மனிதருக்கு ஒரே ஆர்வம், கூப்பிடுங்கள் பார்க்கலாம் என்றுவிட்டார். கெஞ்சி வந்து எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொல்லி, மாப்பிள்ளைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வனஜா வந்தாள். பட்டுப் புடவை, குனிந்த தலை, கையில் பெரிய தட்டு. அதில் கேசரி, பஜ்ஜி, காபி டம்ளர்கள். கை நடுங்கி டம்ளரெல்லாம் கிணுகிணுவென்றது.

கெஞ்சி சட்டென்று எழுந்தார். இரண்டே எட்டில் போய்த் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அவர் பாட்டுக்கு மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் குனிந்து ஒரு டம்ளர், அம்மாவுக்குக் குனிந்து ஒரு டம்ளர் என்று, பழகின கையாக, ஒரு சொட்டு சிந்தாமல் கொடுத்துக்கொண்டே போனார். அக்கா கதவோரத்தில் கல்லாக நின்றாள். வனஜா வெறும் கையோடு நடுக்கூடத்தில். தட்டு இல்லாவிட்டால் குனிவதற்கு என்ன இருக்கிறது? நிமிர்ந்தாள்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காலி நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தாள். அவர் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"டீச்சர் ட்ரெய்னிங். இன்னும் ஒரு வருஷம் கீது. அதை முடிச்சிட்டுத்தான் கல்யாணம் பண்ணிக்கணும்னு இருக்கேன். இப்பவே சொல்லிடறது நல்லது."

அவர் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார், அம்மா அப்பாவைப் பார்த்தார், அப்பா பஜ்ஜியைப் பார்த்தார். ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று எழுந்தார்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் நம் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா என் பக்கம் திரும்பாமலே டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். வனஜா கொல்லைப்பக்கம் போய்த் துணிக்கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "பயந்தான் மாமா. ஆனா சொல்லாம வுட்டிருந்தா இன்னும் பயமா இருந்திருக்கும்" என்றாள்.

கெஞ்சியைப் பஸ் ஏற்றப் போனேன். தான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா என்று கேட்டார். அவர் அம்மா ஊரில் சின்னச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாராம். பள்ளி விட்டு வந்தால் தட்டு தூக்குவதுதான் அவர் வேலை. ஒரு பெண் கை நடுங்கக் கொண்டுவருவதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது என்றார். நீங்கள் செய்தது சரிதான் என்றேன். சொன்னபோது எனக்கே முழு நிச்சயம் இல்லை... ஆனால் நாடு விட்டு வந்து தனியாகச் சுற்றுகிற பிள்ளை, மனசில் அந்தப் பாரத்தோடு போக வேண்டாம் என்று தோன்றியது.

பதினைந்து நாள் ஒரு தகவலும் இல்லை. போன ஞாயிறு போனபோது அக்கா எனக்குக் கேசரி வைத்தாள். விஷயம் புரிந்தது. லெட்டர் எழுதியிருந்தது மாப்பிள்ளையின் அம்மா. பெண் மனசில் இருப்பதை முகத்துக்கு நேரே சொன்னது தனக்குப் பிடித்திருப்பதாகவும், படிப்பு முடிந்த பிறகே நாள் பார்க்கலாம் என்றும், பெண்ணுக்கும் தன் பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டு எழுதும்படியும்.

அக்கா வனஜாவைக் கேட்டிருக்கிறாள். அவள் சரி என்று சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டாளாம்.

"ரெண்டு நாள்டா. என்னைக் கேட்டவங்க யாரு? உங்க மாமா மூஞ்சிய நான் தாலி கட்டன பிறவுதான் பாத்தேன்" என்றாள் அக்கா.

"முன்னாடியே பார்த்திருந்தா?"

அக்கா ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமாவை நிதானமாக ஒரு முறை பார்த்தாள்.

"நானும் ரெண்டு நாள் கேட்டிருப்பேன்."

மாமா பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். இரண்டு நாளோடு போயிற்றே என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது.