முதல் வீட்டுக் குழாய்

தெருவுக்குத் தண்ணீர் திறந்து விடுகிறவருக்கு ‘வால்வு’ என்றே பேராகிப் போனது. சந்தேகம் அவருக்குக் கூடப்பிறந்த குணம். பூட்டிய கதவை நாலு தரம் இழுத்துப் பார்ப்பார், அப்புறம் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து ஐந்தாம் தரம் இழுப்பார்.

அவர் மகளுக்கு மஞ்சள் காமாலை. அதுவும் ஏழு மாத வயிற்றோடு! அதே தெருவின் கடைசி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அக்கம்பக்கத்தில் இன்னும் நாலு பேருக்குக் கண் மஞ்சள். “ரெண்டு உயிருக்கும் ஆபத்து, சொல்லிட்டேன்” என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னதும் மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

யாரை விட்டார்? கேன் தண்ணீர்க்காரனை நடுரோட்டில் மடக்கி, “எங்கடா பிடிக்கிற? உண்மையச் சொல்லு!” என்று சட்டையைப் பிடித்தார். ஜூஸ் கடையில் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்தார். கடைசியில் மருமகனிடமே போய், “வெளியில எதை வாங்கிக் குடுத்தீங்க மாப்ள?” என்று ஆரம்பித்தார்.

“எதுவுமில்ல மாமா. நீங்க திறந்து விடுற தண்ணியத்தான் குடிக்கிறோம்.”

“அதைக் குறை சொல்லாதீங்க! மாசாமாசம் டெஸ்ட் பண்றாங்க. ஒரு தடவைகூட கெட்டதுன்னு வந்ததில்ல.”

சொல்லிவிட்டாரே தவிர, மனசு அரித்தது. மறுநாள் காலை பாட்டிலோடு பரிசோதனைக்காரர் வந்தார். பதினோரு வருஷப் பழக்கம். நேராக வால்வின் வீட்டுக்குத்தான் வருவார். மெயின் வால்வை ஒட்டிய முதல் வீடு, தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். பாட்டில் நிறையும், டீ வரும், கிளம்பிவிடுவார். ‘கடைசி வரைக்கும் எதுக்கு சார் வெயில்ல நடக்கிறீங்க, எல்லாம் ஒரே தண்ணிதானே’ என்று முதல் தடவை உபசாரம் செய்ததே வால்வுதான்.

அது ஞாபகம் வந்ததும் அவர் குழாய்க்குக் குறுக்கே போய் நின்றார்.

“சார், இன்னைக்கு மக வீட்டுல பிடிங்க.”

வழியெல்லாம் குழாய் சாக்கடைக்குள்ளேயே கிடந்தது. கடைசி வீட்டில் தண்ணீர் நூலாக வந்தது. பாட்டில் கலங்கலாக நிறைந்தது. பரிசோதனைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கட்டிலில் கிடந்த மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்ப்பா, இத்தனை வருஷமா எங்க தண்ணிய யாருமே பாக்கலையா?”

“நான்தாம்மா பாக்க விடல” என்றார்.